சாய்ந்து வரும் தண்ணீருக்குக் கூரை பொறுப்பல்ல

வைகாசி முடியப்போகிற நாட்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஒரு காற்று கிளம்பி வரும். புளியறைச் சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்துவார்கள், கோழி வண்டியை நிறுத்துவார்கள். காற்றை நிறுத்திக் காகிதம் கேட்ட அதிகாரி இதுவரை இல்லை. அந்த வருடம் அது குற்றாலீஸ்வரன் வீட்டுக் கூரையின் மேற்குச் சரிவிலிருந்து ஓடுகளைக் கிளப்பி, அடுத்த வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய்ப் போட்டது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடுகள்தான் நொறுங்கிப்போயின.

விடிந்ததும் ஓடு மேய்கிற மாரி வந்து அண்ணாந்து பார்த்தார்.

“உத்தரம், கைமரம் எல்லாம் கெட்டியாத்தான் இருக்கு ஏட்டையா. ஓடு மட்டும் எறக்கிப் போடுங்க. ஒரே பொழுதுல மேஞ்சு தாரேன்.”

“அனுமதி?” என்றார் குற்றாலீஸ்வரன்.

“யாருட்ட, ஆச்சிட்டயா?” என்று மாரி அவர் மனைவியைப் பார்த்தார்.

“எங்கிட்ட கேட்டிருந்தா இந்நேரம் ஏணியே சாத்தியிருப்பேன்லா” என்றாள் வடிவம்மாள்.

குற்றாலீஸ்வரன் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த மச்சினன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது, தலைக்கவசம் போடாமல் வண்டியில் வந்ததற்காக வாசலிலேயே அபராதம் போட்டவர். பத்திரிகையை வாங்கிக்கொண்டார், ரசீதைக் கொடுத்தார், காப்பியும் கொடுத்தார். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு நியாயம் எங்கேயாவது இருந்தே தீரும் என்பது அவருடைய நம்பிக்கை. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று வேலையில் இருந்த காலமெல்லாம் தேடினார். இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஊரகக் கூரை ஒழுங்காற்று ஆணையம் புதிதாக வந்திருந்தது. கிராமத்துக் கூரைகள் யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் தம் இஷ்டத்துக்கு வீடுகளின் மேல் இருந்துவருவதைக் கண்டு வருந்திய பெரியவர்கள் உண்டாக்கிய அமைப்பு அது. அதன்படி ஒரே ஒரு ஓட்டை மாற்றுவதானாலும் அனுமதி வேண்டும். அந்த ஓட்டைத் தொடுகிற கை, பதிவு பெற்ற ஒப்பந்ததாரருடைய கையாக இருக்க வேண்டும். எச்சில் துப்பாதீர் பலகையை எப்படி நடத்துவார்களோ அப்படித்தான் ஊரார் அந்தச் சட்டத்தையும் நடத்தினார்கள். குற்றாலீஸ்வரன் ஒருவர்தான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு தென்காசிக்குப் பேருந்து ஏறினார்.

அவருக்கு அவசரமும் இருந்தது. ஒரே மகள் இசக்கிசெல்வி, சுரண்டையில் வாக்கப்பட்டவள், தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குப் பேறுகாலத்துக்குக் கூட்டிவர வேண்டும். காற்று பிய்த்துப்போட்டது சரியாக அவள் படுக்க வேண்டிய அறையின் கூரையை. சேதி சுரண்டைக்குப் போனதும், அவள் மாமியார் நிர்மலாதேவி போனில் மரியாதையாகவே சொல்லிவிட்டாள். “கூரையச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க மதினி. பிள்ளைத்தாச்சிய நனைய வைக்க முடியாதுல்லா.” அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. வடிவம்மாளுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கூரை ஆணையத்தின் மண்டல அலுவலகம் தென்காசியில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது. கீழே தட்டுகிற சத்தத்தில் மேலே முத்திரை குத்துகிற சத்தம் கேட்காது. அங்கே இருந்த உதவியாளர் ரூபி நல்ல பெண். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். விதியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

“மாரிக்குப் பதிவு இல்லன்னா பதிவு பண்ணிருவோம்மா” என்றார் குற்றாலீஸ்வரன்.

“தாராளமா பண்ணலாம் சார். ஒப்பந்ததாரருக்கு ஒரு அலுவலகம் இருக்கணும். அந்த அலுவலகத்துக்கு எங்க அனுமதி வாங்கின கூரை இருக்கணும்.”

“அந்தக் கூரைய யாரு போடணும்?”

“பதிவு பெற்றவர்.”

மாவட்டத்தில் அப்படிப்பட்டவர் வாசுதேவநல்லூரில் ஒருவர் இருந்தார். அவர் கல்யாண மண்டபத்துக்கும் பெட்ரோல் பங்குக்கும்தான் கூரை போடுவார். ஓடு என்றால் அவருக்குக் கேவலம். குற்றாலீஸ்வரன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து ரூபிக்கு மனசு கேட்கவில்லை.

“சார், ஒரு வழி இருக்கு. வீட்டுக்காரரே ஒப்பந்ததாரர் திட்டம். உங்க வீட்டுக்கு நீங்களே ஒப்பந்ததாரரா பதிவு பண்ணிக்கலாம். அலுவலகம் வேண்டாம். உங்களுக்கும் உங்களுக்கும் ஒரு ஒப்பந்தம் போட்டாப் போதும்.”

அந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். அவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒப்பந்தம் தயாரானது. வீட்டு உரிமையாளர் குற்றாலீஸ்வரன் முதல் தரப்பு. ஒப்பந்ததாரர் குற்றாலீஸ்வரன் இரண்டாம் தரப்பு. இரண்டு தரப்பும் தத்தம் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, ஆடி பிறப்பதற்குள் வேலையை முடிப்பதாகச் சம்மதித்தார்கள். கையெழுத்துப் போட்ட தாளை ரூபி உற்றுப் பார்த்தார்.

“ரெண்டு கையெழுத்தும் ஒண்ணு போல இருக்கே சார். ஆடிட்ல ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நெனச்சிருவாங்க.”

“ரெண்டு பேரும் ஒரே ஆள்தானம்மா.”

“அது உண்மை சார். ஆனா அப்படி நெனச்சிரக் கூடாது.”

ஆகவே ஒப்பந்ததாரர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். புகைப்படத்தில் உரிமையாளர் வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தார். ஒப்பந்ததாரர் காற்சட்டை போட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. கூரை ஒழுகுவதை மண்டல அலுவலர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஒழுகல் சரிபார்ப்பு என்று பெயர். அது முடியாமல் ஓட்டில் கைவைக்கக் கூடாது.

மண்டல அலுவலர் பால்வண்ணநாதன் கடமையில் கண்ணானவர். மற்ற மாதங்களில் கோப்பிலேயே எல்லாக் கூரையையும் பார்த்துவிடுவார். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் மட்டும் மேற்குப் பக்கத்துக் கூரைகளை நேரில் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. அன்றைக்கும் ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடுதான் வந்து இறங்கினார். கூடவே ரூபியும் இறங்கினார். ஜீப்பின் முன்பக்கத்தில் குடும்பத்தாரின் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன, அதாவது சாரலில் இன்னும் நனைந்துகொண்டிருந்தன.

வந்ததும் அவர் கண்ணில் பட்டது தார்ப்பாய். சாவடியில் ஒரு லாரிக்காரரிடம் கெஞ்சி வாங்கி வடிவம்மாள் ஓட்டையின் மேல் கட்டியிருந்தாள்.

“இது யார் போட்ட கூரை?”

“கூரை இல்லய்யா, தார்ப்பாயி” என்றாள் வடிவம்மாள்.

“தண்ணிய தடுக்குதா?”

“தடுக்குது.”

“அப்ப கூரை. அனுமதி இல்லாத கூரை. உடனே எடுத்துருங்க.”

“அப்ப ஓடு?” என்று கேட்டார் குற்றாலீஸ்வரன்.

“ஓடு தண்ணிய தடுக்கலையே. அதனால அது இப்போதைக்குக் கூரை இல்ல. அது இருக்கலாம்.”

தார்ப்பாயை எடுத்தார்கள். சாரல் அறைக்குள் வந்தது. குற்றாலத்துச் சாரலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது விழுகிற மழை இல்லை. காற்றின் தோளில் ஏறிக்கொண்டு குறுக்கே வரும். மண்டல அலுவலர் சட்டைப்பையிலிருந்து, கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்து, நூலை ரூபியின் கையில் கொடுத்துத் தொங்கவிடச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் தண்ணீரையும் ஒத்துப் பார்த்தார்.

“இது ஒழுகல் இல்லையே” என்றார்.

“சார்?”

“விளக்கமா சொல்றேன், கேட்டுக்குங்க. தண்ணி மேலேருந்து நேரா கீழ வந்தா அது ஒழுகல், கூரைப் பிரிவு. பக்கவாட்டுல சாய்ஞ்சு வந்தா நுழைவு, சுவர்ப் பிரிவு. தரையிலேருந்து கசிஞ்சு வந்தா ஊறல், தளப் பிரிவு. அவ்வளவுதான் தண்ணி. அதுக்கு வேற போக்கு கிடையாது. வல்லுநர் குழு வெச்சு எல்லாத் திசையையும் அடைச்சிட்டோம். உங்க வீட்டுல வர்றது சாய்ஞ்சு வருது. சாய்ஞ்சு வர்ற தண்ணிக்குக் கூரை பொறுப்பில்ல.”

காற்று பலமாக அடித்தது. தூக்குக்குண்டு நூலும் சாய்ந்தது. குற்றாலீஸ்வரன் அதைக் கவனித்தார். ஏட்டின் கண் அல்லவா.

“சார், இப்ப நூலும் தண்ணியும் ஒரே வாக்குலதான் போகுது. நூல் நேருன்னா தண்ணியும் நேருதான சார்?”

பால்வண்ணநாதன் யோசித்தார். அவர் யோசிக்கும்போது ரூபி நூலை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இது கேரளாக் காத்து. வெளி மாநிலக் காத்துக்கு நம்ம நூல் கட்டுப்படாது.”

“ஐயா, தலைய நிமித்திப் பாருங்க, வானம் தெரியுது” என்றாள் வடிவம்மாள்.

“வானம் தெரியறது வெளிச்சம்மா. அது எங்ககிட்ட வராது.”

“அப்ப எப்பத்தான்யா ஓடு மேய?”

“சாரல் நிக்கட்டும். ஐப்பசியில நேர் மழை வரும். அப்ப வந்து பார்க்கறேன்.”

“எம்மவளுக்குப் பிள்ளை ஆடியில பொறக்கும்யா.”

“பிறப்பு வேற துறை” என்றார் மண்டல அலுவலர், வருத்தத்துடன். வடிவம்மாள் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, ஈரத் துண்டுகளோடு ஜீப் போய்விட்டது.

அன்று மாலை இசக்கிசெல்வி போன் செய்தாள். எப்பம்மா கூப்பிட வருவீய என்று கேட்டாள். சாரல் நிக்கட்டும் தாயி என்று சொல்லிவிட்டு வடிவம்மாள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். குற்றாலீஸ்வரன் ஓட்டைக்குக் கீழே அண்டாவை நகர்த்தி நகர்த்தி வைத்தார். தண்ணீர் அண்டாவைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது.

ஆடி பிறந்தது. ஒப்பந்தக் கெடு தாண்டியது. விதி என்ன சொல்கிறது என்றால், வேலையை முடிக்காத ஒப்பந்ததாரர் மேல் உரிமையாளர் புகார் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமையாளரும் உடந்தை. உடந்தை என்ற சொல்லைக் கேட்டால் குற்றாலீஸ்வரனுக்கு உடம்பு ஆடிவிடும். அவர் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த காவல் நிலையத் தமிழில் ஒப்பந்ததாரருக்கு ஓர் அறிவிப்பு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

மறுநாள் தபால்காரர் அதைக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்தார். படித்துப் பார்த்தார். வாசகங்கள் அவரைச் சுட்டன. மேற்படி நபர் வேண்டுமென்றே, தீய எண்ணத்துடன், ஒரு கர்ப்பிணியின் நலனைப் புறக்கணித்து என்றெல்லாம் இருந்தது. எந்த மனுஷன் பொறுத்துக்கொள்வான்? தாமதத்துக்குத் தாம் காரணம் அல்ல என்று ஒப்பந்ததாரர் விறைப்பாக ஒரு பதில் எழுதினார். அந்தப் பதிலில் இருந்த அலட்சியத்தைக் கண்டு உரிமையாளருக்கு ரத்தம் கொதித்தது. சில நாட்கள் முகச்சவரம் செய்யும்போதுகூட இருவரும் கண்ணாடியில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

“ஆருட்ட இந்தக் கோவம்?” என்று கேட்டாள் வடிவம்மாள்.

“அந்த ஒப்பந்ததாரர்ட்ட.”

“அவருக்கும் நான்தான சோறு பொங்குதேன்? நாளையிலேருந்து ஒருத்தருக்கு மட்டும் பொங்குதேன். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க.”

விசாரணை பரோட்டாக் கடை மாடியில் நடந்தது. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போடப்பட்டிருந்தன. உரிமையாளர் என்று கூப்பிட்டபோது குற்றாலீஸ்வரன் கிழக்கு நாற்காலியில் உட்கார்ந்து புகாரைச் சொன்னார். ஒப்பந்ததாரர் என்று கூப்பிட்டபோது எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேற்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வேலைய ஏன் முடிக்கல?” என்று கேட்டார் பால்வண்ணநாதன்.

“நீங்க ஒழுகலை ஒப்புக்கிடல சார். அதனால ஓட்டுல கைவைக்க முடியல.”

“ஒழுகலே இல்லாத வீட்டுல என்ன வேலைக்கு ஒப்பந்தம் போட்டீங்க? இல்லாத வேலைக்கு ஒத்துக்கிட்டது முதல் குத்தம். ஒத்துக்கிட்ட வேலைய முடிக்காதது ரெண்டாவது குத்தம்.”

“சார், வீட்டுக்காரருக்கும் தெரியும்…” என்று ஒப்பந்ததாரர் தொடங்கும்போதே, உரிமையாளருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

“எதிர்த்தரப்பு பேசும்போது குறுக்க பேசாதீங்க சார்” என்றார் ரூபி.

தீர்ப்பு அன்றே வந்தது. ஒப்பந்ததாரர் குற்றாலீஸ்வரன் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டார். அவர் இனி எந்த ஓட்டையும் தொடக்கூடாது. பாதிக்கப்பட்ட உரிமையாளரின் வீட்டுப் பக்கம் போகவும் கூடாது.

“அப்ப இவ்வோ எங்க போய்ப் படுப்பாவ?” என்று வாசலில் நின்ற வடிவம்மாள் கேட்டாள். அது பதிவு செய்யப்படவில்லை.

பால்வண்ணநாதனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ஆணையம் வந்த பிறகு மண்டலத்தில் பிடிபட்ட முதல் மோசடி ஒப்பந்ததாரர். பிடித்துக் கொடுத்தது ஒரு சாதாரணக் குடிமகன். இதைச் சும்மா விடலாமா? குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்கு நடுவே ஆணையம் ஒரு விழா எடுத்தது. விழிப்புள்ள வீட்டுரிமையாளர் விருது, பொன்னாடை, கேடயம். கேடயம் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில், ஓடு அகலத்துக்கு இருந்தது. அதில் ஆணையத்தின் சின்னம், அதற்குக் கீழே வழங்குபவர் மண்டல அலுவலர் பால்வண்ணநாதன் என்று கொட்டை எழுத்து. பெறுபவர் பெயர் ஓரத்தில், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில் இருந்தது.

விழா காலையில் நடந்தது. அருவியில் குளித்துவிட்டு நேந்திரங்காய் வற்றல் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்தார்கள். பால்வண்ணநாதன் பேசினார்.

“பெரியோர்களே, இந்த ஆண்டு நம் மண்டலத்தில் ஒரு கூரைகூட விதியை மீறிக் கட்டப்படவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். எப்படி முடிந்தது? ஒரு கூரைகூடக் கட்டப்படவில்லை, அதனால் முடிந்தது.” கைதட்டல். “சிலர் கேட்கிறார்கள், ஓட்டை மாற்ற எதற்கு அனுமதி, அதை மக்களிடமே விட்டுவிடலாமே என்று. விட்டால் என்ன ஆகும்? அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். மறுநாள் நாங்கள் எதைப் போய்ப் பார்ப்பது?” இன்னும் பலமான கைதட்டல். “இதோ இந்தப் பெரியவர். இவருடைய மகள் நிறைமாதக் கர்ப்பிணி. தாய் வீட்டுக்கு வர முடியவில்லை. காரணம் ஒரு கல்நெஞ்சக்கார ஒப்பந்ததாரர். அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால்…” என்று சொல்லி, உணர்ச்சி மேலிட, குற்றாலீஸ்வரன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஐயா, நீங்களே அவனுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்.”

மைக் கைக்கு வந்தது. குற்றாலீஸ்வரனுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. பந்தோபஸ்துக்கு எத்தனையோ மேடைக்குப் பின்னால் நின்றிருக்கிறார், மேலே ஏறியதில்லை.

“அந்தாளப் பத்தி எனக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தார். “சின்ன வயசுலேருந்தே தெரியும். கெட்டவன் இல்ல. ஆனா கோழை. கூரை பிஞ்சு கெடக்கு, ஓடு வாசல்ல எறக்கிக் கெடக்கு, ஏணி சாத்திக் கெடக்கு. ஒத்தப் பிள்ள. அது வயித்துல பிள்ளையோட, எப்பப்பா கூப்பிட வருவீயன்னு தெனமும் போன் போடுது. எந்திரிச்சு ஒரு ஓட்டத் தூக்கி வைக்க அவனுக்குக் கை இல்லியா? கேட்டா விதிங்கான். ஏலே, விதியா? உன் மவள நனைய விடச் சொல்லி எந்த விதியில எழுதியிருக்கு?”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்படிப்பட்டவனைச் சும்மா விடக்கூடாது என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். பால்வண்ணநாதனும் கண் கலங்கினார். குற்றாலீஸ்வரன் மேடையைவிட்டு இறங்கி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பொன்னாடையோடும் கேடயத்தோடும் செங்கோட்டை வண்டியில் ஏறிவிட்டார். அவருக்கு மனசு ஆறவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவனைச் சரியாக ஏசியிருக்கிறோம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தால், கூரை மேல் மாரி உட்கார்ந்திருந்தார். வடிவம்மாள் ஏணியில் பாதி ஏறி நின்று ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆணையமே குற்றாலத்தில் மேடையேறியிருக்கிற இந்த ஒரு பகல்தான் வசதி என்று அவள் மாரிக்கு ஆள் அனுப்பியிருந்தாள். கணவர் வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் கையில் எடுத்த ஓட்டோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

“ஏட்டையா…” என்றார் மாரி.

“பிடிச்சுக் கொடுக்கணும்னா கொடுங்க” என்றாள் வடிவம்மாள். “ஓடு மேஞ்சு முடிச்சிட்டு வாரேன்.”

குற்றாலீஸ்வரன் பொன்னாடையைக் கழற்றிக் கொடியில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“நீ எறங்கு வடிவு. விழுந்துகிழுந்து வச்சிராத” என்று சொல்லிவிட்டு, தடைசெய்யப்பட்ட ஒப்பந்ததாரர் ஏணியில் ஏறினார்.

நடுவில் காற்று ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் முடிந்து கூரை உச்சிக்குக் கீழே ஓர் இடம் மட்டும் பாக்கி நின்றது. கடைசி ஓடு மாரியின் முழங்கால் பட்டு உடைந்துவிட்டது. செங்கோட்டைக்குப் போய்தான் வாங்க வேண்டும். வடிவம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். படியில் கேடயம் கிடந்தது. எடுத்து அகலத்தை அளந்தாள்.

“கண்ணாடி ஓடு வாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அறை இருட்டாத்தான கெடக்கு” என்றாள்.

எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி மாரி அதைப் பதித்தார். சொல்லிவைத்ததுபோல் உட்கார்ந்தது.

மறுநாளே இசக்கிசெல்வி வந்தாள். கூட வந்த நிர்மலாதேவி அறைக்குள் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். வெளியே சாரல் சாய்ந்து சாய்ந்து அடித்தது. உள்ளே ஒன்றும் வரவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுக் காப்பி கேட்டாள். ஆடி முடிவதற்குள் தென்காசி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஓட்டுக்குக் கீழே விரித்த பழைய சேலையில் அவன் காலை உதைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் குற்றாலீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷம் என்பதை அவர் வேறு எப்படியும் காட்டிப் பழகியதில்லை.

சேதி பரோட்டாக் கடை மாடிக்குப் போகாமல் இருக்குமா? ஒருநாள் காலையில் ஜீப் வந்து நின்றது. சாரல் ஓய்ந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பால்வண்ணநாதன் நேரே அறைக்குள் வந்தார். பின்னால் ரூபி.

“யார் மேஞ்சது இது?”

“நீங்க தடை பண்ணினீங்களே, அந்த ஒப்பந்ததாரர்தான் சார்” என்றார் குற்றாலீஸ்வரன்.

“என்ன துணிச்சல்! எங்க அவன்?”

குற்றாலீஸ்வரன் காலைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

“தலைமறைவு சார்.”

“கூரைய உடனே பிரிங்க” என்றார் மண்டல அலுவலர்.

“பிரிச்சிருவோம் சார். மொதல்ல அந்தக் கண்ணாடியத்தான் எடுக்கணும். அதுல ஆணையத்துச் சின்னமும் உங்க பேரும் இருக்கு. உங்க பேரக் கழட்டிக் கீழ போடணும்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும்.”

பால்வண்ணநாதன் அண்ணாந்து பார்த்தார். அவ்வளவு உயரத்தில், வெயில் ஊடுருவ, தம் பெயர் தகதகத்துக்கொண்டிருப்பதை அவர் அதுவரை எங்கேயும் பார்த்ததில்லை. அலுவலர் செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். ரூபியைத் தம்மோடு சேர்த்து எடுக்கச் சொல்லி இன்னொன்றும் பிடித்துக்கொண்டார்.

“இதை முன்மாதிரிக் கூரைன்னு குறிச்சுக்குங்க ரூபி. பிரிக்கத் தேவையில்ல.”

வெளிச்சம் தரையில் விழுந்திருந்த இடத்தில் குழந்தை கிடந்தது. எழுத்துகளின் நிழல் மங்கலாக அவன் வயிற்றில் விழுந்திருந்தது. இசக்கிசெல்வி ஈரத் துணியை மாற்றுவதற்காக அப்போதுதான் அவிழ்த்திருந்தாள். தம் பெயர் அங்கேயும் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்க, பால்வண்ணநாதன் ஆசையோடு குனிந்தார்.

குழந்தை ஒரு தடவை உடம்பை முறுக்கியது. பிறகு ஒரு மெல்லிய தாரை தரையிலிருந்து மேலே கிளம்பி, அழகாக வளைந்து, மண்டல அலுவலரின் முகத்தில் போய் முடிந்தது.

“நல்ல சகுனம்யா, தொடைக்காதிய” என்றாள் வடிவம்மாள்.

நேராக வந்தால் கூரைப் பிரிவு, சாய்ந்து வந்தால் சுவர்ப் பிரிவு, கசிந்து வந்தால் தளப் பிரிவு. இதை எதில் எழுதுவது என்று கேட்பதற்காக ரூபி பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பால்வண்ணநாதன் பதில் சொல்லவில்லை. வாயைத் திறக்கக்கூடிய நிலையில் அவர் இல்லை.